மலை ரயில் சிமுலேட்டரில் முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

நீலகிரி, டார்ஜிலிங் போன்ற பழைய மலை ரயில்களை ஓபன் ரெயில்ஸ் என்ற கணினி ரயில் சிமுலேட்டரில் உருவாக்க உட்காருகிறவர்களுக்குச் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. பாதை போட்டு முடித்திருப்பார்கள், இன்ஜின் மாடலும் கண்ணைப் பறிக்கும். ஓட்டிப் பார்த்தால் ரயில் ஏறாது. ஏறினால் இறங்கும்போது நிற்காது. உடனே எல்லோருடைய கையும் இன்ஜின் கோப்புக்குத்தான் போகும். அங்கே விசையைக் கொஞ்சம் கூட்டினால் ரயில் நகர்ந்துவிடும், பிரச்சினை தீர்ந்த மாதிரி தெரியும். நாலு வளைவு தாண்டியதும் அதே கோளாறு வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

1,435 மில்லிமீட்டர் கேஜில் (இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்), மிதமான ஏற்றத்தில், இன்ஜின் முன்னால் நின்று இழுக்கும் ரயிலை மனதில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள் இது. மலை ரயில் இந்த எதிர்பார்ப்புகள் எல்லாவற்றையும் மீறுகிறது. அதனால் கோளாறு தேடும்போது முதலில் தண்டவாளம், அடுத்து மண், அப்புறம் பெட்டிகள், கடைசியில் இன்ஜின் என்ற வரிசையை விடாதீர்கள். தவறான ஏற்றத்துக்காகத் திருத்திய இன்ஜின், ஏற்றம் சரியான பிறகு எதற்கும் உதவாது.

ஓட்டும்போது எஃப்4 அழுத்தினால் பாதைக் கண்காணிப்புச் சாளரம் வரும். ஏற்றச் சதவீதம் அதில் தெரியும். எஃப்5 அழுத்தி, பிறகு ஷிஃப்ட்+எஃப்5 மூலம் பக்கங்களைப் புரட்டினால் விசைகளைக் காட்டும் பக்கம் கிடைக்கும். ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஈர்ப்பு எவ்வளவு, வளைவின் தடை எவ்வளவு, பிரேக் எவ்வளவு என்று தனித்தனியாக அதில் பார்க்கலாம். கீழே சொல்லும் பாதிக் கோளாறுகளை இந்த ஒரு பக்கத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

ரயில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் திணறி நிற்கிறது

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால் ஏற்றத்தைச் சந்தேகப்படுங்கள்.

நீலகிரிப் பாதையையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், உதகமண்டலம் 2,203 மீட்டர், தூரம் சுமார் 46 கிலோமீட்டர். இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே சீராக ஏற்றம் கொடுத்தால் சராசரி 4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 25-க்கு 1 வரும். கணக்கு சரி, ரயில் பாதை தப்பு. உண்மையான பாதையில் மூன்று வெவ்வேறு துண்டுகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரண ஏற்றம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டருக்குப் பல்தண்டவாளம், அதாவது வழுக்காமல் ஏற நடுவே பற்கள் கொண்ட சட்டமும் உள்ள பாதை. ஏற்றம் 12-க்கு 1 வரை நெருங்குகிறது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை மறுபடி வெறும் தண்டவாளம், ஆனால் செங்குத்தானது. சீராக இழுத்துவிட்ட பாதையில் கல்லாறுக்குக் கீழே இன்ஜின் அநியாயத்துக்குத் திணறும், கல்லாறுக்கு மேலே பல்தண்டவாளம் தேவையே இல்லாத மாதிரி ஓடும். இந்த இரண்டையும் சேர்ந்து பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம், ஏற்ற அட்டவணையைத் திருத்துங்கள்.

இடைப்பட்ட உயரங்களுக்கு நல்ல ஆதாரம் ரயில் நிலையப் பெயர்ப் பலகைதான். இந்திய ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். பயணிகள் எடுத்த படங்களில் அந்த எண் தெளிவாகத் தெரியும். ஹில்குரோவ், ரன்னிமேடு, வெல்லிங்டன், கேத்தி என்று நிலையம் நிலையமாகக் குறித்துக்கொண்டு, இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தால் உயர வித்தியாசத்தை வகுத்தால் அந்தத் துண்டின் சராசரி ஏற்றம் வந்துவிடும்.

கடைசி நிலையம்தான் உச்சி என்று எடுத்துக்கொண்டு வரைகிறவர்கள் நிறையப் பேர். நீலகிரிப் பாதையின் உச்சி லவ்டேல். அங்கிருந்து ஊட்டிக்குப் பாதை இறங்குகிறது. டார்ஜிலிங் பாதையிலும் 2,258 மீட்டரில் இருக்கும் கும் நிலையம்தான் உச்சி. அதற்கப்புறம் டார்ஜிலிங் வரை இறக்கம். உங்கள் பாதையில் இன்ஜின் கடைசி மைல் வரை முக்கிக்கொண்டே போகிறது என்றால் இந்த உச்சியைத் தொலைத்துவிட்டீர்கள். பழைய டிரைவர்கள் நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் பிரேக்கில் கை வைத்த இடம் அது. அதைத் தொலைத்தால் பாதையின் குணமே போய்விடும்.

உயரங்கள் எல்லாம் சரி, ஆனாலும் வளைவில் மட்டும் நிற்கிறது என்றால் விசைப் பக்கத்தில் வளைவுத் தடையைப் பாருங்கள். மலைப் பாதை போட்ட பொறியாளர்கள் கூர்மையான வளைவுகளில் ஏற்றத்தைக் கொஞ்சம் தளர்த்தி, நேர்த் துண்டுகளில் அதைச் சரிக்கட்டுவார்கள். நீங்கள் இரண்டுக்கும் ஒரே ஏற்றத்தைக் கொடுத்திருந்தால், சிமுலேட்டர் அதன் மேல் வளைவுத் தடையையும் ஏற்றுகிறது. வளைவில் அரை சதவீதம் குறைத்துப் பாருங்கள். வளைவுத் தடையை அமைப்புகளில் அணைத்துவிடுவது சுலபமான வழி, ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தடைதான் மலை ரயிலை மலை ரயிலாக்குகிறது.

பெட்டிகள் குதிக்கிற மாதிரி தெரிந்தால் அடுத்தடுத்த இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே ஏற்றம் ஒரேயடியாக மாறுகிறது என்று அர்த்தம். நீளமான துண்டை எடுத்துவிட்டுச் சின்னத் துண்டுகளாகப் போட்டு, ஏற்றத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

எல்லா நிலையங்களும் ஒரே அளவு தாழ்ந்து கிடக்கின்றன

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை எங்கே பார்த்தாலும் பலகையில் உள்ளதைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைகிறதா? உங்கள் ஜிபிஎஸ் பதிவு கடல் மட்டத்தை வைத்து உயரம் சொல்லவில்லை, பூமியின் கணித நீள்வட்ட வடிவத்தை வைத்துச் சொல்கிறது. தென்னிந்தியாவில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. கடல் மட்டம் அந்த நீள்வட்டத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் இருக்கிறது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் போதும். எஸ்ஆர்டிஎம் நிலப்பரப்புத் தரவில் இந்தச் சிக்கல் இல்லை, அது கடல் மட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதனால்தான் தண்டவாளம் ஜிபிஎஸ்ஸிலிருந்தும் நிலம் எஸ்ஆர்டிஎம்மிலிருந்தும் வந்தால் தண்டவாளம் மொத்தமும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்.

தண்டவாளத்தின் மேல் மண் ஏறி நிற்கிறது, அல்லது தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது

எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த அளவீடு. நமக்குக் கிடைப்பது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. காடு அடர்ந்த இடங்களில் ரேடார் தரையைத் தொடாமல் மரக் கூரையிலிருந்தே திரும்பியிருக்கும், அதனால் மரத்தின் உயரமும் மலையோடு சேர்ந்துவிடும். கல்லாறுக்கு மேலே உள்ள காட்டுக்கு இது அப்படியே பொருந்தும். சிமுலேட்டரின் நிலமோ 2,048 மீட்டர் சதுரங்களாக, 8 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று பிரிக்கப்பட்டது. மீட்டர்கேஜ் பாதைக்காக மலையைச் செதுக்கிய திட்டின் அகலம் சில மீட்டர்தான். 8 மீட்டர் வலைக்குள் அது விழவே விழாது. ஒரு புள்ளி மேலே மலைச் சரிவில், அடுத்த புள்ளி கீழே பள்ளத்தில் என்று போய், நடுவில் உள்ள தண்டவாளத்தின் குறுக்கே ஒரு சரிவான மண் பரப்பு விழுகிறது.

இதற்கு நிலத்தைத் தண்டவாளத்துக்குப் பொருத்தும் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்கள் உண்டு. மலைப் பாதையில் அது வேலையைக் கெடுக்கும். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் அகலமான மேடை உருவாகி, நெடுஞ்சாலை மாதிரி ஆகிவிடும். செய்ய வேண்டியது இதுதான்: நிலத்தைத் தண்டவாள மட்டத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்குங்கள். மலைப் பக்கத்துக்கு வெட்டுச் சுவர், பள்ளப் பக்கத்துக்குக் கல் தாங்குசுவர் என்று தனி மாடல்களை வைத்து மூடுங்கள். உண்மைப் பாதையிலும் கண்ணுக்குத் தெரிவது பாறையும் கற்சுவரும்தானே. மேகம் மூடிய பள்ளத்தின் விளிம்பில் ஒற்றைக் கற்சுவரின் மேல் ரயில் போவதுதான் இந்தப் பயணத்தின் உயிர். அதைக் காட்ட மண் வலையால் முடியாது, சுவர் மாடலால் முடியும்.

டார்ஜிலிங் பாதையில் பதாசியா போன்ற வளையங்களில் இன்னொரு தொல்லை. பாதை தன்னையே மேலும் கீழுமாகக் கடக்கும். சிமுலேட்டரின் நிலத்துக்கு ஓர் இடத்தில் ஓர் உயரம்தான் இருக்க முடியும். மேல் பாதைக்கு நிலத்தைப் பொருத்தினால் கீழ் பாதை புதையும். எப்போதும் கீழ் பாதைக்கே நிலத்தைப் பொருத்துங்கள். மேலே போவதைப் பாலம், தாங்குசுவர் மாடல்கள் தாங்கட்டும். சுரங்கங்களுக்கும் இதே காரணம்தான். நீலகிரியில் 16 சுரங்கங்கள். ஒவ்வொரு வாயிலிலும் நிலத்தில் துளை போட்டு, துளையின் ஓரத்தைச் சுரங்க முகப்பின் கற்களால் மறைக்க வேண்டும்.

வளைவு வந்ததும் தண்டவாளம் அகலமாகிவிடுகிறது

நேர்த் துண்டில் 610 மில்லிமீட்டர், வளைவில் திடீரென்று பெரிய ரயில் பாதை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

வளைவில் தண்டவாளத்தைச் சாய்த்துக் காட்டும் வசதியை இயக்கியிருந்தால், ஓபன் ரெயில்ஸ் அந்த வளைவுகளைத் தானே புதிதாக வரைகிறது. எந்தக் கேஜில் வரைவது என்பதை அமைப்பில் உள்ள எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இயல்பாக அது 1,435. நீலகிரிக்கு 1,000, டார்ஜிலிங்குக்கு 610 என்று மாற்றுங்கள். வெளியீட்டுக்கு வெளியீடு இந்த அமைப்பின் இடம் மாறும். கேஜ் என்ற சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும்.

சாய்வு வசதி அணைந்திருந்தும் அகலமாகிறது என்றால், அந்த இடத்தில் நெகிழ்வுத் தண்டவாளத் துண்டைப் போட்டிருக்கிறீர்கள். அதன் குறுக்குவெட்டு, பாதையின் கோப்புறைக்குள் இருக்கும் தண்டவாள வடிவக் கோப்பிலிருந்து வருகிறது. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் பொதுவான அகலமே வரும். உங்கள் கேஜுக்கு ஒரு வடிவக் கோப்பு எழுதி அங்கே வையுங்கள்.

வளைவில் பெட்டிகளின் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன

டார்ஜிலிங் பாதையின் அகோனி பாயிண்டில் வளைவின் ஆரம் 18 மீட்டர்தான். பெரிய ரயிலின் ஒற்றைப் பெட்டியே அதைவிட நீளம். இங்கே பெட்டிகள் மோதினால் பாதையைக் குறை சொல்ல முடியாது, பெட்டியைப் பாருங்கள். மாடலில் போகி, சக்கரம் ஆகியவற்றின் பெயர்கள் சிமுலேட்டர் எதிர்பார்க்கும் பெயர்களோடு பொருந்தாவிட்டால் அது பெட்டியை ஒரே இறுக்கமான கட்டையாக எடுத்துக்கொள்ளும். நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் தள்ளிக்கொண்டு நிற்கும். பெயர்களைத் திருத்தியும் உரசினால், பெட்டிக் கோப்பில் உள்ள நீளத்தையும் கப்ளிங் இடைவெளியையும் பாருங்கள். குறுகிய பாதைப் பெட்டிகளில் முனைகளில் பால்கனி இருக்கும். சிலர் அதைச் சேர்க்காமல் நீளம் கொடுத்துவிடுகிறார்கள்.

பல்தண்டவாளத்தில் சக்கரம் சுற்றுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பல்சக்கரம் என்பது சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று வழுக்க முடியாமல் செய்யும் ஏற்பாடு. நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள் 44 மில்லிமீட்டர் இடைவெளியில், ஓடுதண்டவாளத்தைவிட 64 மில்லிமீட்டர் உயரத்தில் போகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடிப்பை இழக்காது. சிமுலேட்டரில் நீங்கள் போட்டிருக்கும் பல்தண்டவாளமோ வெறும் படம். அதன் கணக்குக்கு இன்ஜின் வழுவழுப்பான எஃகின் மேல்தான் நிற்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ஜினும் பெட்டிகளும் சேர்ந்து 100 டன் என்று வையுங்கள். 12-க்கு 1 ஏற்றத்தில் அதைப் பிடித்து வைக்க மட்டுமே 8.3 டன் விசை வேண்டும். இயக்கு சக்கரங்களின் மேல் 35 டன் எடை இருக்கிறது என்று கொண்டால், உலர்ந்த தண்டவாளத்தில் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 டன் சொச்சம் பிடிப்பாகக் கிடைக்கும். மழை வந்தால் அது பாதியாகக் குறையலாம். எனவே வெயிலில் திக்கித் திணறி ஏறி, தூறல் போட்டதும் சக்கரம் சுற்றினால் சிமுலேட்டர் தன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது.

தீர்வு, இன்ஜின் கோப்பில் ஒட்டுதலை, அதாவது சக்கரத்தின் பிடிப்பைச் சொல்லும் கர்டியஸ்-க்னிஃப்லர் வரியில் இருக்கிறது. அதன் வழக்கமான எண்கள் 7.5, 44, 0.161, 0.7. முதல் எண்ணை, கிலோமீட்டர் வேகத்தோடு 44-ஐக் கூட்டி வந்த தொகையால் வகுத்து, மூன்றாவது எண்ணைச் சேர்த்தால் ஒட்டுதல் கெழு. நின்ற நிலையில் 0.33 வரும், பல்தண்டவாளத்தின் வேக எல்லையான 13 கிலோமீட்டரில் 0.29. மூன்றாவது எண்ணை மட்டும் 0.6 ஆக்குங்கள். 13 கிலோமீட்டரில் கெழு 0.73 ஆகும்; மழையில் பாதியானாலும் நம் 100 டன்னுக்குப் போதும். இதனால் இன்ஜினின் பலம் கூடிவிடாது. சிலிண்டர் தரும் விசை வீணாகாமல் தண்டவாளத்துக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அமைப்புகளில் உள்ள பொதுவான ஒட்டுதல் திருத்தத்தைத் தொடாதீர்கள், அது எல்லா வண்டிகளையும் பாதிக்கும்.

இந்தத் தீர்வில் ஒரு குறை உண்டு. குன்னூரைத் தாண்டிய பிறகும் இன்ஜின் பல்சக்கரம் உள்ள மாதிரியே ஏறும். நீலகிரியின் எக்ஸ் வகை இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை, நான்கு சிலிண்டர் காம்பவுண்ட் அமைப்பு. உயர் அழுத்தச் சிலிண்டர்கள் ஓடுசக்கரங்களை இயக்கும். அங்கே வேலை செய்து முடித்த நீராவி தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களை இயக்கும். வெறும் தண்டவாளத்தில் முதல் ஜோடி மட்டுமே வேலை செய்யும். இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர இன்ஜினை இரண்டு நகலாக வையுங்கள். ஒன்று காம்பவுண்டாக, ஒட்டுதல் கூட்டப்பட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும். இன்னொன்று இரண்டே சிலிண்டரோடு, வழக்கமான ஒட்டுதலோடு, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு. கல்லாறு வரையிலான கீழ்ப்பகுதியில் முதல் நகலே ஓடட்டும். ஏற்றம் குறைவான அந்த இடத்தில் ஒட்டுதல் கூடியிருப்பது தெரியவே தெரியாது. குன்னூரில் எப்படியும் ரயில் நிற்கிறது, அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பல்தண்டவாளம் தொடங்கும் இடத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைக்க மறக்காதீர்கள். உண்மையில் பல்சக்கரம் சட்டத்தோடு கோக்கும் அந்தக் கணத்தில் ரயில் நடை வேகத்தில்தான் ஊரும். சிமுலேட்டர் அதைக் கட்டாயப்படுத்தாது, பலகைதான் கட்டாயப்படுத்தும்.

டார்ஜிலிங் இன்ஜின் வழுக்கவே இல்லை

மேலே சொன்ன ஒட்டுதல் வரியை இந்த இன்ஜினுக்கும் நகலெடுத்திருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். 1889 முதல் வந்த பி வகை இன்ஜின்கள் பல்சக்கரம் இல்லாமல், நாலே சக்கரத்தின் பிடிப்பில் மலை ஏறியவை. அதற்காகவே இன்ஜினின் முன்னால் உட்கார்ந்து தண்டவாளத்தில் கையால் மணல் தூவ ஆட்கள் இருந்தார்கள். ஈர நாளில் விசைப்பலகையில் எக்ஸ் பொத்தானை அழுத்தி மணல் போடாமல் மேலே போக முடிகிறது என்றால், அந்த மனிதர்களின் உழைப்பை உங்கள் பாதை காட்டவில்லை.

ஓட்டுநர் அறையிலிருந்து முன்னால் எதுவும் தெரியவில்லை

நீலகிரியில் இது கோளாறு இல்லை, உண்மை. கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் ஓடிவிடக்கூடாது என்று இன்ஜின் எப்போதும் இறக்கத்தின் பக்கம் நிற்கும்; ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். டிரைவரின் கண்ணுக்குப் பெட்டியின் பின்சுவர்தான் தெரியும். முன்னால் உள்ள பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடியால் சைகை காட்டுவார்.

இதைச் சரிசெய்கிறேன் என்று இன்ஜினை முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். ரயில் தொகுப்புக் கோப்பில் பெட்டிகளை முதலில் எழுதி இன்ஜினைக் கடைசியில் வையுங்கள். அப்புறம் முதல் பெட்டியின் கோப்பில் பயணி பார்வைக்கான பகுதியைச் சேர்த்து, தலை நிற்கும் இடத்தை அந்த முன் மேடைக்கு நகர்த்துங்கள். ஓடும்போது 5-ஐ அழுத்தினால் பிரேக்ஸ்மேனின் கண்ணோடு பாதை விரியும். 1-ஐ அழுத்தினால் மறுபடி இன்ஜின். இரண்டுக்கும் மாறி மாறி ஓட்டும்போதுதான் இந்த ரயில் ஒரு குழுவின் வேலை என்பது புரிகிறது. எனக்குத் தெரிந்து மலை ரயில் சிமுலேஷனில் இதைவிட நிறைவான மாற்றம் இல்லை.

இறங்கும்போது ரயில் நிற்காமல் ஓடுகிறது

12 டன் பெட்டி ஒன்று 12-க்கு 1 சரிவில் ஒரு டன் விசையோடு, அதாவது சுமார் 9.8 கிலோநியூட்டனோடு கீழே இழுக்கும். பெட்டியின் அதிகபட்ச பிரேக் விசை அதற்குக் கீழே இருந்தால், எவ்வளவு சீக்கிரம் பிரேக் போட்டாலும் ஓடத்தான் செய்யும். அதைப்போல் இரண்டு பங்கு வரை கொடுங்கள். அதற்கு மேல் போனால், ஒட்டுதல் போதாமல் பெட்டியின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்; அப்படி நடந்தால் ஒட்டுதல் வரியைப் பெட்டிகளுக்கும் போட வேண்டியிருக்கும். நீலகிரியில் பெட்டிகளிலும் பல்தண்டவாளத்தைப் பிடிக்கும் பிரேக் இருப்பதால் இது ஏமாற்று வேலை ஆகாது.

பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன், இன்ஜினின் விசில் கேட்டுக் கைப்பிரேக்கைத் திருகுவது என்பதுதான் இந்தப் பாதையின் வழக்கம். எஃப்9 சாளரத்தில் ஒவ்வொரு பெட்டியின் கைப்பிரேக்கையும் தனியாகப் போடலாம், எடுக்கலாம். கைப்பிரேக் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், பெட்டிக் கோப்பில் பிரேக் உபகரணப் பட்டியலில் கைப்பிரேக் சேர்க்கப்படவில்லை. சேர்த்துவிட்டு அதன் விசையையும் எழுதுங்கள். ரயில் சரிவில் நுழையும் முன்பே இரண்டு பெட்டிகளுக்குப் போட்டுவிட்டு, வாக்குவம் பிரேக்கை நுணுக்கமான திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் 13 கிலோமீட்டரில் நிதானமாக இறங்கலாம்.

இசட் ரிவர்ஸில் ரயில் சிக்கிக்கொள்கிறது

டார்ஜிலிங்கில் ரயில் முட்டுச்சந்துக்குள் போய் நின்று, தண்டவாளம் பிரியும் பாயிண்டை மாற்றி, பின்னோக்கியே மேலே ஏறி, மறுபடி நின்று முன்னோக்கிக் கிளம்பும். தானாக வழி மாறவில்லை என்றால் கடைசிப் பெட்டி இன்னும் பாயிண்டைத் தாண்டவில்லை என்று அர்த்தம். முட்டுச்சந்தின் நீளம் ரயிலின் மொத்த நீளத்தைவிட அதிகமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பெட்டியைக் கழற்றுங்கள், முட்டுச்சந்தை நீட்டாதீர்கள். உண்மை ரயிலும் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டே பெட்டிகளைக் கோத்தது. எஃப்4 சாளரத்தில் திரும்பும் புள்ளியின் குறி பச்சையானால் திரும்பலாம். பாதைக் கோப்பு இல்லாமல் சும்மா ஓட்டுகிறவர்கள் முன்னால் உள்ள பாயிண்டுக்கு ஜி, பின்னால் உள்ளதற்கு ஷிஃப்ட்+ஜி.

இசட் வடிவின் நடுத் துண்டில் ரயில் ஏறாமல் இறங்கினால், அந்தத் துண்டை மேல் முனையிலிருந்து வரைந்து ஏற்றத்தின் குறியை மாற்ற மறந்திருப்பீர்கள்.

குன்னூரிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. 1899-இல் பாதை அங்கேயே முடிந்தது. ஊட்டி வரை நீண்டது 1908-இல். அதனால் ரயில் கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்க வேண்டும். பாதைக் கோப்பில் அங்கே திரும்பும் புள்ளி வைக்காவிட்டால் ரயில் குன்னூரோடு நின்றுவிடும்.

பழைய படங்களோடு பாதை பொருந்தவில்லை

எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் தொடங்கியதன் விளைவு. பதாசியா வளையம் 1919-இல் வந்தது. 1900-ஆம் ஆண்டின் டார்ஜிலிங்கை உருவாக்குகிறவர் அதை எடுத்துவிட வேண்டும். நீலகிரியில் எக்ஸ் இன்ஜின்கள் ஊட்டிப் பாதை திறந்த பிறகு வந்தவை. அதற்கு முன் ஓடியவை பேயர் பீகாக் இன்ஜின்கள். எண்ணெய் எரிப்பும், குன்னூருக்கு மேல் டீசலும் பிற்காலம். இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பாதை போட்டுவிட்டு மேலே பழைய இன்ஜினை ஓட்டினால் உறுத்தும். 1950-களின் அமெரிக்க ராணுவ வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அளவுகோல் சிறியது என்றாலும் பாதையின் போக்கையும் ஊர்களின் பரப்பையும் அன்றைய நிலையில் காட்டும்.

டார்ஜிலிங்கின் ஹில் கார்ட் ரோட்டில் கார்கள் ரயிலுக்குள் புகுந்து போகின்றன

லெவல் கிராசிங் பொருள் ரயில் பாதையோடு மட்டும் இணைந்திருக்கிறது. சாலையின் பாதையோடும் இணைத்தால் கார்கள் நிற்கும். டார்ஜிலிங் ரயில் சாலையை எத்தனையோ இடங்களில் குறுக்கே கடப்பதால் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கேட் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத கிராசிங் பொருளே போதும்.

பல்தண்டவாளம் மினுமினுக்கிறது, கணினி திணறுகிறது

19 கிலோமீட்டர், இரண்டு சட்டங்கள் என்றால் பற்கள் லட்சக்கணக்கில் வரும். ஒவ்வொரு பல்லையும் செதுக்கினால் எந்தக் கணினியும் தாங்காது. கிட்டத்தில் பார்க்கும்போது மட்டும் செதுக்கிய பற்கள், சில பத்து மீட்டர் தள்ளி வெறும் படம், அதற்கும் அப்பால் ஒற்றைக் கறுத்த பட்டை என்று மூன்று நிலைகளாக மாடலைச் செய்யுங்கள். மினுமினுப்பு நிற்கவில்லை என்றால் சட்டத்தின் அடிப்பரப்பு ஸ்லீப்பரின் மேல்பரப்போடு ஒரே மட்டத்தில் இருக்கிறது. அடிப்பரப்பை மாடலிலிருந்து நீக்கிவிடுங்கள், அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பாயிண்டுகளில் சட்டம் தொடர்ச்சியாகப் போகிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். அங்கே ஓடுதண்டவாளம் குறுக்கே வரும் இடத்தில் அது விட்டுத்தான் போக வேண்டும்.